விரல் கண்ட எண்

எண்ணும் எழுத்தும் மாந்தர்க்கு இரு கண்கள் என்பது தமிழர் நெடுங்காலமாகப் போற்றிவரும் கருத்து. வள்ளுவரும் ஔவையாரும் இதனை வலியுறுத்தியுள்ளனர். இக்கருத்தைக் கேட்டுப் பழகியவர் உள்ளத்தில் ஓர் ஐயம் எழுவதும் இயல்பே. முகத்திற் கண்ணில்லாத ஒருவர்க்கு எண்ணாகிய கண் வாய்க்குமா? எழுதிப் பார்த்துக் கற்க வேண்டிய கணிதத்தை, எழுதவும் பார்க்கவும் இயலாத ஒருவர் எவ்வாறு கற்பார்? கற்றாலும் பிறர்க்கு எவ்வாறு கற்பிப்பார்?

இவ்வினாக்களுக்குத் தம் வாழ்வையே விடையாகத் தந்தவர் இங்கிலாந்து நாட்டுக் கணிதப் பேராசிரியர் நிக்கலஸ் சாண்டர்சன். 1682இல் பிறந்து, ஓராண்டு நிறையும் காலத்தில் இரு கண்களையும் இழந்த அவர், ஐசக் நியூட்டன் வீற்றிருந்த கேம்பிரிட்ஜ்ப் பல்கலைக்கழகப் பேராசிரியர் இருக்கையில் இருபத்தேழு ஆண்டுகளுக்கு மேல் அமர்ந்து கற்பித்தார். அவர் எய்திய பதவியை வியந்து எழுதியோர் பலர். அவர் விரல்களுக்குக் கணிதத்தை வசப்படுத்தித் தந்த சிறு மரப்பலகையைக் கருதியோர் சிலரே. அவர்தம் வரலாற்றின் வியப்பும் அப்பலகையில்தான் உள்ளது. வருத்தமும் அப்பலகையில்தான் உள்ளது.

பிறப்பும் இளமையும்

இங்கிலாந்தின் வடபால் உள்ள யார்க்ஷயர்ப் பகுதியில், பெனிஸ்டன் என்னும் சிற்றூரை அடுத்துள்ளது தர்ல்ஸ்டன். அங்கே 1682 சனவரியில் சாண்டர்சன் பிறந்தார். தந்தையார் ஜான் சாண்டர்சன் சுங்கவரித் துறையில் பணிபுரிந்தவர். பெருஞ்செல்வம் இல்லாத குடும்பம் அது. குழந்தைக்கு ஏறத்தாழ ஓராண்டு ஆகும்போது பெரியம்மை கண்டது. அந்நோய் பார்வையைப் பறித்ததோடு நில்லாமல், விழிகளையே அழித்துவிட்டது. ஒளியையோ நிறத்தையோ கண்டதாக அவர் நினைவில் எதுவும் தங்கியிருக்க இயலாது.

அக்காலத்தில் பார்வையற்ற பிள்ளைகளுக்கெனப் பள்ளி என்பது உலகில் எங்கும் இல்லை. பிச்சை எடுத்தலும் இசைக்கருவி வாசித்தலுமே அவர்களுக்குப் பெரும்பாலும் எஞ்சிய வழிகள். இந்நிலையில் பெனிஸ்டன் ஊர்த் தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்தில், கற்களிற் பொறித்த எழுத்துகளை விரலால் தடவித் தடவியே சிறுவன் சாண்டர்சன் எழுத்தறிந்தான் என்று ஊரார் வழிவழியாகக் கூறிவருகின்றனர். இது செவிவழிச் செய்தியே ஆயினும் பொருந்தாச் செய்தி அன்று. அந்த ஊரில் தொட்டுப் படிக்கத்தக்க எழுத்துகள் அக்கற்களைவிட்டால் வேறு எங்கே இருந்திருக்கும்? இறந்தோரின் பெயரையும் ஆண்டையும் தாங்கி நின்ற கற்கள் அப்பிள்ளைக்கு அரிச்சுவடி ஆயின என்று கொள்ளலாம்.

பெனிஸ்டனில் இருந்த இலவசப் பள்ளி அச்சிறுவனை ஏற்றுக்கொண்டது. ஆங்கே அவர் இலத்தீன், கிரேக்கம் ஆகிய மொழிகளைக் கேள்வியாலேயே கற்றுத் தேர்ந்தார். யூக்ளிடு, ஆர்க்கிமிடீசு, தயோபாந்தசு ஆகியோரின் நூல்களை மூலமொழியாகிய கிரேக்கத்திலேயே பிறர் படிக்கக் கேட்டுப் பொருளுணரும் அளவுக்கு அப்பயிற்சி முதிர்ந்தது. கேள்விச் செல்வத்தைச் செல்வத்துள் தலையாயதாகப் போற்றும் மரபினர்க்கு இதன் அருமையை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

கற்பித்தோர்

எண்கணிதத்தின் முதற் பாடங்களைத் தந்தையாரே கற்பித்தார். வரிக்கணக்கு எழுதும் தொழிலினராகிய அவர்க்கு எண்கள் அன்றாடப் புழக்கத்தில் இருந்தன. மகனோ மிக நீண்ட கணக்குகளை மனத்திலேயே செய்து முடிக்கலானான். நாளடைவில், பொதுவிதிகளால் எட்ட இயலாத விடைகளுக்குத் தானே புதுவழிகளைக் கண்டறிந்தான்.

பதினெட்டாம் வயதளவில் அவர்க்கு ரிச்சர்டு வெஸ்டு என்னும் செல்வரின் நட்புக் கிட்டியது. கணித ஆர்வலராகிய வெஸ்டு, குறிக்கணிதத்தையும் வடிவக்கணிதத்தையும் அவர்க்குக் கற்பித்தார். நெட்டில்டன் என்னும் மருத்துவரும் நூல்களைத் தேடித் தந்தும் விளக்கியும் துணைநின்றார். ஆயினும் விரைவிலேயே மாணவர் ஆசிரியர்களை விஞ்சினார். பின்னர் ஷெஃபீல்டு நகருக்கு அருகில் அட்டர்கிளிஃப் என்னுமிடத்தில் இருந்த தனிக் கல்விக்கூடத்திற்கு அவர் அனுப்பப்பெற்றார். அங்கே அளவையியலும் மெய்ப்பொருளியலுமே முதன்மை பெற்றிருந்தன, கணிதத்திற்கு இடமில்லை. நெஞ்சம் ஒட்டாமையால் அக்கூடத்தை விட்டு அவர் நீங்கினார். அதன்பின் வேறு ஆசிரியர் இன்றியே பயின்றார். நல்ல நூலும் அதனைப் படித்துச் சொல்ல ஒருவரும் இருந்தால் அவர்க்குப் போதுமானதாக இருந்தது.

கேம்பிரிட்ஜ் புகுதல்

மாணவராகப் பல்கலைக்கழகம் புகுவதற்குக் குடும்பத்தின் பொருள்நிலை இடந்தரவில்லை. ஆகவே நண்பர்கள் ஒரு துணிவான முடிவுக்கு வந்தனர். மாணவராகச் செல்ல இயலாதவர் ஆசிரியராகச் செல்லட்டும் என்பதே அம்முடிவு. 1707இல், தம் இருபத்தைந்தாம் வயதில், ஜோஷுவா டன் என்னும் நண்பருடன் சாண்டர்சன் கேம்பிரிட்ஜ் வந்து சேர்ந்தார். கிறைஸ்ட்ஸ் கல்லூரி அவரைத் தன் உறுப்பினராகப் பதிவு செய்யவில்லை. எனினும் தங்குவதற்கு அறையும் நூலகத்தைப் பயன்கொள்ளும் உரிமையும் அளித்தது.

அப்போது அங்கே லூக்காசியக் கணிதப் பேராசிரியராக இருந்தவர் வில்லியம் விஸ்டன். என்றி லூக்காசு என்பவரின் அறக்கொடையால் 1663இல் நிறுவப்பெற்ற இருக்கை அது. ஐசக் பாரோ, ஐசக் நியூட்டன் ஆகிய இருவர்க்கும் பின்னர் மூன்றாமவராக அதில் அமர்ந்தவர் விஸ்டன். தாம் கற்பிக்கும் பாடங்களையே ஒரு புதியவரும் கற்பிக்க வந்துள்ளார் என்பதை அறிந்தும் அவர் அழுக்காறு கொள்ளவில்லை. தடை சொல்லாமல் இசைவளித்தார். இப்பெருந்தன்மை இல்லையேல் சாண்டர்சன் வாழ்வு வேறு திசையில் சென்றிருத்தல் கூடும்.

நியூட்டனின் பெருநூலாகிய பிரின்சிபியா வெளிவந்தது 1687இல். அதனை வாங்கி வைத்தோர் பலர். விளங்கிக் கொண்டோர் மிகச் சிலர். 1704இல் வெளிவந்த ஒளியியல் நூலும் 1707இல் வெளிவந்த எண்கணித நூலும் அவ்வாறே விளக்குவோரை வேண்டி நின்றன. சாண்டர்சன் எடுத்துக்கொண்ட பணி இதுவே. அரிய நூல்களை எளிய நடையில், படிப்படியாக விளக்கும் ஆற்றல் அவரிடம் இருந்தது. இளைஞர் கூட்டம் அவர் வகுப்புகளை நாடி வந்தது. நியூட்டனோடும் அவர்க்குத் தொடர்பு ஏற்பட்டது.

நியூட்டன் இருந்த இருக்கை

1710இல் விஸ்டன் தம் சமயக் கொள்கைகளின் காரணமாகப் பல்கலைக்கழகத்திலிருந்து நீக்கப்பெற்றார். திரித்துவக் கோட்பாட்டை அவர் மறுத்தமையே குற்றமாயிற்று. அவ்விடத்திற்குச் சாண்டர்சன் பெயர் எழுந்தது. ஒரு பெருந்தடை குறுக்கிட்டது. பட்டம் எதுவும் பெறாதவர் பேராசிரியர் ஆதல் இயலாது. கல்லூரித் தலைவர்கள் வேண்டிக்கொள்ள, ஆன் அரசியார் சிறப்பாணை பிறப்பித்தார். அதன்படி 1711 நவம்பரில் முதுகலைப் பட்டம் அவர்க்கு வழங்கப்பெற்றது. அம்மாதத்திலேயே அவர் நான்காம் லூக்காசியப் பேராசிரியராகத் தெரிந்தெடுக்கப்பெற்றார். 1712 சனவரியில் தூய இலத்தீனில் தம் தொடக்கவுரையை ஆற்றினார்.

இத்தெரிவைப் பற்றி வானியலறிஞர் எட்மண்டு ஹாலி சொன்னதாக ஒரு நகையுரை அந்நாளில் வழங்கியது. சமயப்பற்று மிகுந்தமையால் விஸ்டன் போனார், அது சிறிதும் இல்லாமையால் சாண்டர்சன் வந்தார் என்பது அதன் சாரம். நகையுரையில் உண்மை எவ்வளவு என்பது ஒருபுறம் இருக்க, வந்தவரின் கண்ணைக் குறித்து அதில் ஒரு சொல்லும் இல்லை என்பது நோக்கத்தக்கது. அவர் பார்வையற்றவர் என்னும் செய்தி கேம்பிரிட்ஜ் அறிஞர்களிடையே அதற்குள் பின்னுக்குப் போய்விட்டது போலும்.

தொட்டறி கணிதம்

கணிதத்தை மனத்தால் மட்டுமே செய்துவிட இயலும் என்று எண்ணுவோர் உளர். ஓரளவே அஃது உண்மை. நெடுங்கணக்கு ஒன்றில் இடைநிலை விடைகள் பல தோன்றும். அவற்றை ஓரிடத்தில் இறக்கி வைத்தால்தான் மனம் அடுத்த படிக்கு ஏற இயலும். பார்வையுடையார்க்குத் தாள் அவ்விடம் ஆகிறது. சாண்டர்சன் தமக்கென ஒரு தாளைத் தாமே அமைத்துக்கொண்டார்.

அது ஓரடிக்குச் சற்று மிகுந்த பக்க அளவுடைய, மெல்லிய, வழவழப்பான சதுரப் பலகை. சிறு சட்டத்தின் மேல் ஏற்றப்பட்டு அடிப்புறம் வெற்றிடமாக இருந்தது. பலகையின் மேல் நெடுக்கும் குறுக்குமாக நெருக்கமான இணைகோடுகள். ஒவ்வொரு சதுர அங்குலமும் நூறு சிறு கட்டங்களாகப் பகுக்கப்பட்டிருந்தது. கோடுகள் வெட்டிக்கொள்ளும் புள்ளிதோறும் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை. ஓரங்களில் அரை அங்குலத்திற்கு ஒன்றாகச் சிறு பள்ளங்கள். வரிசை தப்பாமல் விரலுக்கு வழிகாட்ட அவை உதவின. ஊசிகள் இரு வகை. ஒன்று பெரிய தலையுடையது. மற்றொன்று சிறிய தலையுடையது. கருவி இவ்வளவே.

ஓர் இலக்கத்திற்கு ஒன்பது துளைகள் கொண்ட ஒரு சிறு சதுரம் இடமாகும். நடுவில் ஒன்று, சுற்றிலும் எட்டு. நடுத்துளையில் பெரிய ஊசி மட்டும் நின்றால் அது சுழியம். சிறிய ஊசி மட்டும் நின்றால் ஒன்று. ஏனைய எட்டு இலக்கங்களுக்கும் நடுவில் பெரிய ஊசி நிற்கும். சுற்றியுள்ள எட்டுத் துளைகளுள் ஒன்றில் சிறிய ஊசி நிற்கும். சிறிய ஊசி நேர்மேலே இருந்தால் இரண்டு. அங்கிருந்து வலமாகச் சுற்றிவர, மேல் வலமூலையில் மூன்று, வலப்பக்கம் நான்கு, கீழ் வலமூலையில் ஐந்து, நேர்கீழே ஆறு, கீழ் இடமூலையில் ஏழு, இடப்பக்கம் எட்டு, மேல் இடமூலையில் ஒன்பது.

எடுத்துக்காட்டாக, அவர் பிறந்த 1682ஆம் ஆண்டை இப்பலகையில் குறிக்க வேண்டின், முதற் சதுரத்தின் நடுவில் சிறிய ஊசி ஒன்று மட்டும் நிற்கும். அடுத்த மூன்று சதுரங்களின் நடுவிலும் பெரிய ஊசிகள் நிற்கும். அவற்றுள் முதலாவதன் நேர்கீழேயும், இரண்டாவதன் இடப்பக்கத்திலும், மூன்றாவதன் நேர்மேலேயும் சிறிய ஊசிகள் நிற்கும். விரல் ஒருமுறை ஓடினால் எண் விளங்கிவிடும்.

இவ்வமைப்பின் நுட்பம் எண்ணிப் பார்க்கத்தக்கது. கண்ணுக்குரிய எண்களின் வடிவத்தை அவர் மரத்தில் செதுக்கிக்கொள்ளவில்லை. கல்லறைக் கற்களில் அவர் தடவியறிந்த எழுத்துகள் கண்ணுடையார் பொருட்டு அமைந்தவை. வளைவும் சுழிப்பும் நிறைந்தவை. விரலுக்கு மெல்லவே பிடிபடுபவை. பலகையில் அவர் அமைத்ததோ விரலின் இயல்பறிந்து பிறந்த எழுத்து. பெரிது, சிறிது என்னும் வேற்றுமையையும், மேல், கீழ், வலம், இடம் என்னும் திசையையும் விரல் ஒரு நொடியில் உணரும். அவ்விரண்டை மட்டுமே கொண்டு பத்து இலக்கங்களையும் அவர் வகுத்தார். ஒரு மொழியின் ஓசையியல்பு அறிந்து யாப்பு வகுத்தாற் போன்ற செயல் இது.

வடிவக்கணிதத்திற்கும் இப்பலகையே பயன்பட்டது. முக்கோணத்தின் மூன்று முனைகளிலும் ஊசிகளை ஊன்றி, அவற்றைச் சுற்றிப் பட்டுநூலை இழுத்துக் கட்டினால் முக்கோணம் கைக்குப் புலப்படும். கோடுகள் எத்தனை வேண்டுமோ அத்தனை நூல்கள். கனவடிவங்களுக்கு மரத்துண்டுகள் துணைசெய்தன. பலகையில் அவர் ஊசிகளை ஊன்றும் விரைவும் மாற்றும் விரைவும் கண்டோரை மருட்டின. இடையில் எழுந்து போய்த் திரும்பினாலும் பலகையைத் தடவிவிட்டு, விட்ட இடத்திலிருந்து கணக்கைத் தொடர்வார்.

ஒளியைக் கற்பித்தவர்

சாண்டர்சன் கற்பித்த பாடங்களுள் ஒளியியலும் ஒன்று. ஒளியைக் கண்டறியாத ஒருவர் ஒளிவிலகலையும், வில்லைகளின் இயல்பையும், வானவில் தோன்றும் முறையையும் கண்ணுடைய மாணவர்க்கு விளக்கினார் என்பது அக்காலத்தார்க்குப் பெருவியப்பாக இருந்தது. உண்மையில் இதில் மாயம் ஏதும் இல்லை. நியூட்டனின் ஒளியியலில் கணிதப் பகுதி முழுதும் கோடுகளாலும் கோணங்களாலும் ஆனது. ஒளிக்கதிர் என்பது ஆங்கே ஒரு நேர்கோடு. நீர்த்துளி என்பது ஒரு வட்டம். நேர்கோடு வட்டத்துள் புகுந்து, வளைந்து, மீண்டு வெளியேறும் கோணத்தைக் கணிப்பதற்கு வானவில்லின் நிறங்களைக் கண்டிருத்தல் வேண்டும் என்பதில்லை.

இங்கே ஒரு மெய்ம்மை புலனாகிறது. காட்சி வேறு, அறிவு வேறு. வானவில்லை நாள்தோறும் கண்டும் அது தோன்றும் காரணம் அறியாதார் கோடிக்கணக்கினர். காணாமலே காரணம் அறிந்தவர் சாண்டர்சன். தாளில் வரைந்த படத்தைக் காட்டிவிட்டு நகரும் வசதி அவர்க்கு இல்லாமையால், ஒவ்வொரு படியையும் சொல்லால் நிறுவவேண்டிய கட்டாயம் இருந்தது. அவர் விளக்கங்கள் பெயர்பெற்ற தெளிவுடன் விளங்கியதற்கு இதுவும் ஒரு காரணம் ஆகலாம்.

வாழ்வும் இயல்பும்

நாளொன்றுக்கு ஏழு, எட்டு மணிநேரம் அவர் கற்பித்தார். பேராசிரியர் பதவியின் ஊதியம் வரையறுக்கப்பட்டது. மாணவர் தரும் கட்டணமே வாழ்க்கைக்குப் பெருந்துணை. பின்னாளில் அரசியலிலும் எழுத்திலும் புகழ்பெற்ற செஸ்டர்ஃபீல்டு பிரபு அவர்தம் மாணாக்கருள் ஒருவர். ஆபிரகாம் டி மாய்வர், ரோஜர் கோட்சு முதலிய கணித அறிஞர்கள் அவர்தம் நட்பு வட்டத்தினர். இலண்டன் அரசக் கழகம் அவரை உறுப்பினராக ஏற்றுக்கொண்டது. 1728இல் இரண்டாம் ஜார்ஜ் மன்னர் கேம்பிரிட்ஜ் வந்தபோது சட்டமுனைவர் பட்டம் அவர்க்கு அளிக்கப்பெற்றது.

1723இல் அவர் கல்லூரி அறையை விட்டு நகரில் இல்லம் அமைத்தார். பாக்ஸ்வர்த் என்னும் ஊரின் தேவாலய குருவாகிய வில்லியம் டிக்கன்சு என்பவரின் மகள் அபிகெயில் அவர்தம் வாழ்க்கைத் துணைவியார். ஒரு மகனும் ஒரு மகளும் பிறந்தனர்.

புலன்களின் கூர்மை குறித்து அவரைப் பற்றி வழங்கும் செய்திகள் பல. உரோம நாணயத் தொகுதி ஒன்றில் கண்ணுடைய அறிஞர்களையும் ஏமாற்றிய போலிகளை விரலால் தடவியே பிரித்துக் காட்டினார் என்பர். தோட்டத்தில் நண்பர்கள் கதிரவனை ஆய்ந்துகொண்டிருக்கும்போது, மேகம் மறைத்த நேரத்தை முகத்தில் உணர்ந்து சொன்னார் என்பர். காலடி ஓசையின் எதிரொலியைக் கொண்டு அறையின் அளவை அறிந்தார் என்பர். குழலிசையில் தேர்ந்தவர், குதிரையேற்றத்தில் விருப்புடையவர்.

குறையற்றவர் அல்லர் அவர். ஒளிவுமறைவின்றிப் பேசும் இயல்பினர், கடுஞ்சொல்லும் உண்டு. அதனால் பகைவரையும் தேடிக்கொண்டார். இரக்கத்திற்குரியவராகத் தம்மை எவரும் நடத்த அவர் இடந்தரவில்லை என்பது இவற்றால் விளங்கும்.

மறைவும் நூலும்

ஓயாத உழைப்பும், உட்கார்ந்தே கழிந்த வாழ்வும் உடலைத் தளர்த்தின. 1739இல் காலில் தோன்றிய அழுகல் நோய் தீரா நிலையை அடைந்தது. இறுதி நெருங்கியமையை நண்பர்கள் தெரிவித்தபோது அவர் அமைதியுடன் ஏற்றார் என்று அவரை அறிந்தோர் எழுதியுள்ளனர். அவ்வாண்டு ஏப்பிரல் 19ஆம் நாள் இயற்கை எய்தினார். அவர் விருப்பப்படி பாக்ஸ்வர்த் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பெற்றார்.

வாழ்நாள் முழுவதும் வாய்மொழியாகவே கற்பித்தவர் ஆதலின், அச்சில் எந்நூலையும் அவர் வெளியிடவில்லை. பிற்பகுதி வாழ்வில் நண்பர்கள் வற்புறுத்தியதன் பயனாகக் குறிக்கணிதப் பாடங்களைத் தொகுத்தார். பத்துப் பகுதிகள் கொண்ட அந்நூல் 1740இல் இரு தொகுதிகளாக வெளிவந்தது. முன்பணம் செலுத்தியோர் உதவியால் அச்சேறிய அந்நூல் அவர்தம் குடும்பத்தார்க்கும் ஆதரவாயிற்று. நுண்கணிதம் குறித்த மற்றொரு நூல் 1756இல் வெளிவந்தது.

படிப்பார் இலா எழுத்து

குறிக்கணித நூலின் தொடக்கத்தில் ஒரு கட்டுரை இடம்பெற்றுள்ளது. சாண்டர்சனுக்குப் பின் அதே இருக்கையில் அமர்ந்த ஜான் கோல்சன் எழுதியது அது. தொட்டறி கணிதப் பலகையின் அமைப்பை உலகம் அறிந்தது அக்கட்டுரையால்தான். அதற்குக் கோல்சன் இட்ட தலைப்பிலேயே புரியா எழுத்தைப் புரிந்து வெளிப்படுத்துதல் என்னும் பொருள் அமைந்துள்ளது. இத்தலைப்பு சிந்திக்கத்தக்கது.

சாண்டர்சன் மறைந்தபின் அவர் அறையில் ஊசிகள் ஊன்றிய மரத்துண்டுகள் சில கிடைத்தன. அவர் பயனுக்காகக் கணித்து வைத்திருந்த எண் அட்டவணைகள் அவை. அவற்றைப் படிக்க ஒருவரும் இல்லை. படிக்கும் முறையை எழுதிவைத்தாரும் இல்லை. தொல்லெழுத்து அறிஞர் கல்வெட்டு ஒன்றை ஆய்ந்து படிப்பது போல, ஊசிகளின் நிலையை ஒப்பிட்டு ஒப்பிட்டு அவ்வெழுத்தின் திறவுகோலைக் கோல்சன் காண வேண்டியிருந்தது. சிறுவயதில் கல்லிற் பொறித்த பிறர் எழுத்தைத் தடவிப் படித்தவரின் எழுத்தை, அவர் மறைந்தபின் பிறர் தேடிப் படித்தனர்.

ஓர் எழுத்துமுறையைப் படைத்தவர் அவரே. அதில் எழுதியவர் அவரே. அதன் வாசகரும் அவர் ஒருவரே. முப்பது ஆண்டுகளுக்கு மேல் நூற்றுக்கணக்கான இளைஞர்க்குக் கற்பித்த நல்லாசிரியர், இவ்வொன்றை எவர்க்கும் கற்பிக்கவில்லை. அவர் மாணவர் அனைவரும் கண்ணுடையோர். அவர்க்கு இப்பலகை வேண்டுவதில்லை. வேண்டியிருந்த பார்வையற்ற பிள்ளைகளோ பல்கலைக்கழக வாயிலை அணுகவும் வழியற்று இருந்தனர். இக்குறைக்கு அவரைப் பழித்தல் முறையன்று. இருவரையும் ஒரே அறையில் கூட்டுவிக்கும் நிறுவனம் எதுவும் அக்காலத்தில் இல்லை என்பதே உண்மை. ஆயினும் இழப்பு இழப்பே. யார்க்ஷயரின் மற்றொரு சிற்றூரில் அதே ஆண்டுகளில் பார்வையற்ற குழந்தை ஒன்று வளர்ந்திருக்குமாயின், கேம்பிரிட்ஜில் இருந்த அப்பலகையால் அக்குழந்தைக்கு ஒரு பயனும் விளைந்திராது.

பலகையின் வழிவந்தோர்

கோல்சன் கட்டுரை கடல் கடந்தது. 1749இல் பிரெஞ்சு எழுத்தாளர் தெனி திதரோ, பார்வையற்றோர் குறித்துக் கடித வடிவில் ஒரு நூல் வெளியிட்டார். அதில் சாண்டர்சன் பலகையைப் படங்களுடன் விளக்கினார். கூடவே, சாண்டர்சன் மரணப்படுக்கையில் ஒரு குருவோடு கடவுள் உண்மை பற்றி வாதிடுவதாக ஒரு காட்சியையும் புனைந்தார். அந்நூல் காரணமாக அவர் வின்சென் கோட்டையில் சிறைப்பட நேர்ந்தது. புனைந்த காட்சியைப் பற்றி அறிஞர் உலகம் இன்றளவும் பேசிவருகிறது. புனையாத பலகை ஓசையின்றித் தன் பணியைச் செய்தது.

செருமனியின் மன்கைம் நகரில் கிறித்தியான் நீசன் என்னும் ஆசிரியர், வைசன்பர்க் என்னும் பார்வையற்ற இளைஞர்க்கு இத்தகைய பலகையைக் கொண்டு கணிதம் கற்பித்தார். அவ்விளைஞரோடு கடிதத் தொடர்பு கொண்டிருந்தவர் வியன்னா நகரத்துப் பார்வையற்ற இசைக்கலைஞர் மரியா தெரேசியா ஃபான் பாராதீசு. 1784இல் பாரிசு சென்ற அவரை வாலன்டின் ஆயுய் சந்தித்தார். பார்வையற்றோர் கற்க இயலும் என்னும் உறுதி அச்சந்திப்பால் ஆயுய்க்கு வலுப்பெற்றது. பார்வையற்ற பிள்ளைகளுக்கான உலகின் முதற்பள்ளி பாரிசில் அவரால் உருவாயிற்று. அப்பள்ளியில் 1819இல் சேர்ந்த சிறுவன் லூயி பிரெயில், 1829இல் தன் புள்ளி எழுத்துமுறையை வெளியிட்டான். கண்ணுக்குரிய எழுத்தைப் புடைப்பாக்கித் தருவதை விடுத்து, விரலுக்குரிய எழுத்தைப் புதிதாகப் படைக்கவேண்டும் என்னும் உண்மையை அவனும் தன் வழியில் கண்டான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் வில்லியம் டெய்லர் அமைத்த எண்சட்டம் உலகெங்கும் பரவியது. எட்டு முனைகொண்ட துளைகளில் சிறு உலோக அச்சுகள் நிற்கும். அச்சின் ஒரு முனையில் ஒரு மேடு. மறுமுனையில் இரு புள்ளிகள். எட்டுத் திசைகளில் திருப்பி நிறுத்த, ஒவ்வொரு முனைக்கும் எட்டாகப் பதினாறு குறிகள் கிடைக்கும். பத்து இலக்கங்களுக்கும் கணக்குக் குறிகளுக்கும் அவை போதும். எட்டுத் திசைகளால் எண்ணை உணர்த்தும் சாண்டர்சனின் நெறியே இதிலும் அமைந்துள்ளமை வெளிப்படை. தமிழகம் உள்ளிட்ட இந்தியப் பகுதிகளின் பார்வையற்றோர் பள்ளிகளில் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் கணக்குப் போட்டுப் பழகியது இச்சட்டத்தில்தான்.

அமெரிக்காவில் பிறவியிலேயே பார்வையற்றிருந்த ஆபிரகாம் நெமத்திடம், கணிதம் பார்வையற்றோர்க்கு ஏற்றதன்று என்று வழிகாட்டுவோர் கூறினர். அவர் உளவியல் பயின்று, பின்னர்க் கணிதத்திற்கே திரும்பினார். பின்னமும் அடுக்கும் மூலமும் பிரெயில் புள்ளிகளில் ஐயமின்றி எழுதத்தக்க ஒரு முறையை உருவாக்கினார். 1952இல் அது ஏற்பினைப் பெற்றது. 2013இல் அவர் மறைந்தபோது, பல நாடுகளின் மாணவர் அம்முறையில் கணிதம் பயின்றுவந்தனர். இன்று சமன்பாடுகளைக் குரலாகப் படித்துக் காட்டும் கணினி நிரல்களும், புள்ளிகளை எழுப்பியும் தாழ்த்தியும் காட்டும் மின்கருவிகளும் வந்துள்ளன. நெமத்தும் ஓர் ஆசிரியரே. தமக்கென அமைத்ததைப் பிறர்க்கெனப் பதிப்பித்தார் என்பதே அவர் வாழ்வில் சிறந்து நிற்கும் செய்தி.

சாண்டர்சன் இருந்த இருக்கையில் 1979 முதல் 2009 வரை அமர்ந்திருந்தவர் ஸ்டீவன் ஹாக்கிங். உடல் முற்றும் தளர்ந்த அவர்க்குக் குரலாகவும் கையாகவும் கருவிகள் உதவின. அக்கருவிகளைப் பலர் கூடி உருவாக்கினர். சாண்டர்சனுக்கோ கருவி செய்து தருவார் எவரும் இலர். இரு வகை ஊசிகளையும் ஒரு துளைப்பலகையையும் கொண்டு தாமே செய்துகொண்டார். எண்ணும் கண்ணாகும் என்பதை ஐயத்திற்கு இடமின்றி மெய்ப்பித்தார். அக்கண்ணைப் பிறர்க்கும் வழங்கும் கடன் பின்வந்தோரைச் சேர்ந்தது. ஒருவர் விரல் கண்ட எழுத்து, மற்றொருவர் விரலைச் சென்று சேர்வதற்கு ஆசிரியரும் பள்ளியும் அச்சும் வேண்டும். அவை வாய்க்கும் வரை அறிவும் கலையும் ஒரு தனியறைப் பலகையில் ஊன்றிய ஊசிகளாகவே நின்றுவிடும்.